பாடும் கௌபாய் திரைப்படங்கள்

பாடும் கௌபாய் திரைப்படம் என்பது அமெரிக்காவின் 'வெஸ்டர்ன்' எனப்படும் மேற்கத்தியப் படவகையின் ஓர் உட்பிரிவு ஆகும். 1930களின் நடுவிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை இவ்வகைப் படங்கள் பெருமளவில் எடுக்கப்பட்டன. குதிரையேறித் துப்பாக்கியுடன் தீயோரை அடக்கும் நாயகனே கிட்டார் இசைத்துப் பாடுபவனாகவும் இருப்பது இவற்றின் அடிப்படை இலக்கணம். ஜீன் ஆட்ரி, ராய் ராஜர்ஸ், டெக்ஸ் ரிட்டர் ஆகியோர் இவ்வகையின் புகழ்பெற்ற நடிகர்கள்.

தமிழிலும் 1970 முதல் கௌபாய் படங்கள் வெளிவந்தன. அவற்றிலும் பாடல்கள் உண்டு. எனினும் இவை அமெரிக்கப் பாடும் கௌபாய்களின் நேர்வழித் தோன்றல்கள் அல்ல. உடை, குதிரை, துப்பாக்கி ஆகியன 1960களின் இத்தாலியப் படங்களிலிருந்து வந்தவை. அந்த இத்தாலியப் படங்களில் நாயகன் பாடுவதில்லை. தமிழ்க் கௌபாய்க்குக் கிடைத்த பாட்டு, தமிழ்த் திரையின் சொந்த மரபிலிருந்து வந்தது.

பின்னணி

கௌபாய் என்னும் சொல் மாட்டு மந்தைகளைக் குதிரையில் அமர்ந்து ஓட்டிச் செல்லும் தொழிலாளியைக் குறிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பின்னர், டெக்சாசு மாநிலத்து மாடுகளை வடக்கே கான்சாசு மாநிலத்துத் தொடருந்து நிலையங்கள் வரை ஓட்டிச் செல்லும் தொழில் செழித்தது. தொடருந்துப் பாதைகள் நீண்டதாலும் மேய்ச்சல் நிலங்கள் முள்கம்பியால் வேலியிடப்பட்டதாலும் சுமார் கால் நூற்றாண்டுக்குள் அத்தொழில் சுருங்கியது. கௌபாய்களுள் மெக்சிக்கர்களும் கறுப்பினத்தவரும் கணிசமாக இருந்தனர். குதிரைச் சேணம், சுருக்குக் கயிறு முதலிய பல கருவிகளும் மெக்சிக்க மாட்டுக்காரர்களிடமிருந்து பெறப்பட்டவையே.

இரவுக் காவலில் மந்தை மிரளாதிருக்க மெல்லிய குரலில் பாடுவது கௌபாய்களின் வழக்கம் எனக் கூறப்படுகிறது. சேலம், நாமக்கல் பகுதிகளில் கிணற்றிலிருந்து மாடு பூட்டிக் கவலை இறைத்தவர்கள் பாடிய பாட்டுகளோடு இதனை ஒப்பிடலாம். இரண்டும் மாட்டின் நடைக்கேற்ப அமைந்த தொழிற்பாடல்கள். ஜான் லோமாக்ஸ் என்பவர் 1910இல் கௌபாய் பாடல்களின் தொகுப்பு ஒன்றை நூலாக வெளியிட்டார். ஆயினும் திரைப்படங்களில் ஒலித்தவற்றுள் பெரும்பாலானவை அந்தத் தொழிற்பாடல்கள் அல்ல. நகரத்தில் அமர்ந்து தொழில்முறைப் பாடலாசிரியர்கள் எழுதியவை. மாடு மேய்த்தறியாத பலர் எழுதிய அப்பாடல்களையே உலகம் இன்று கௌபாய் இசை என்று அறிந்திருக்கிறது.

திரையில் தொடக்கம்

பேசும்படம் வந்தவுடனேயே பாடும் கௌபாயும் வந்துவிட்டான். கென் மேனார்டு என்ற குதிரையேற்ற நடிகர் 1929, 1930ஆம் ஆண்டுகளிலேயே தம் படங்களில் பாடினார். அவருடைய குரல் இனிமையானது என்று எவரும் சொல்லியதாகத் தெரியவில்லை. 1933இல் வெளியான ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி என்ற படத்தில் ஜான் வெயின் பாடும் நாயகனாக நடித்தார், குரல் வேறொருவருடையது. நேரில் கண்ட இரசிகர்கள் பாடச் சொல்லிக் கேட்டபோது வெயின் நாணமுற்றார். அவ்வேடத்தைத் தொடரவும் அவர் விரும்பவில்லை. இரவல் குரல் அமெரிக்காவில் ஒரு நடிகருக்கு இழுக்காயிற்று என்பதும், அதே முறை சில ஆண்டுகளுக்குள் இந்தியத் திரையுலகின் பொது வழக்கமாயிற்று என்பதும் பின்வரும் பகுதிகளைப் படிக்கும்போது நினைவிற்கொள்ளத்தக்கவை.

இவ்வகைக்கு நிலையான வடிவம் தந்தவர் ஜீன் ஆட்ரி. சிகாகோ வானொலியில் நாட்டுப்புறப் பாடகராகப் புகழ்பெற்ற இவர், 1934இல் மேனார்டின் இன் ஓல்டு சாந்தா ஃபே படத்தில் சிறு வேடத்தில் தோன்றினார். 1935இல் த ஃபாண்டம் எம்பயர் என்ற 12 பகுதிகள் கொண்ட தொடர்படத்தில் நாயகனானார். நிலத்தடியில் மறைந்துள்ள விஞ்ஞான நகரம் ஒன்றில் சிக்கிக்கொள்ளும் கௌபாய், எத்தகைய இடர் நேர்ந்தாலும் தப்பி வந்து நாள்தோறும் தன் பண்ணையிலிருந்து வானொலியில் பாடியாக வேண்டும் என்பது அதன் கதை. கேட்பதற்கு நகைப்பாக இருப்பினும், வானொலியும் இசைத்தட்டும் திரைப்படமும் ஒன்றையொன்று தாங்கி நின்ற வணிக முறையை அக்கதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. அதே ஆண்டில் ரிபப்ளிக் நிறுவனம் வெளியிட்ட டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ் ஆட்ரியின் முதல் முழுநீள நாயகப் படமாகும்.

இப்படங்கள் குறைந்த செலவில், ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும்படி எடுக்கப்பட்டன. சிற்றூர்த் திரையரங்குகளும் சனிக்கிழமைப் பகற்காட்சிகளும் இவற்றின் சந்தை. நாயகன் புகைப்பதில்லை, குடிப்பதில்லை, முதலில் சுடுவதில்லை. 1942இல் ஆட்ரி வான்படையில் சேர்ந்தபோது, ரிபப்ளிக் நிறுவனம் ராய் ராஜர்சை முன்னிறுத்தியது. லெனர்டு சிலை என்னும் இயற்பெயர் கொண்ட ராஜர்ஸ், சன்ஸ் ஆஃப் த பயனீர்ஸ் என்னும் பாடற்குழுவைத் தொடங்கியோருள் ஒருவர். 1938இல் அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ் படத்தின் மூலம் நாயகனானவர். இவருடைய குதிரை டிரிகர், விளம்பரங்களில் நாயகனுக்கு அடுத்த இடம் பெறும் அளவுக்குப் புகழ்பெற்றது. 1965இல் இறந்த பின் அதன் தோல் பதப்படுத்தப்பட்டு அருங்காட்சியகத்தில் நிறுத்தப்பட்டது.

வெள்ளையர் மட்டுமே நிறைந்த இவ்வுலகில் ஹெர்ப் ஜெஃப்ரீஸ் என்ற பாடகர் 1937 முதல் 1939 வரை கறுப்பினப் பார்வையாளர்களுக்கென எடுக்கப்பட்ட நான்கு படங்களில் பாடும் கௌபாயாக நடித்தார். டோரத்தி பேஜ் பாடும் கௌபாய்ப் பெண்ணாக மூன்று படங்களில் நடித்தார். மெக்சிக்கோவில் 1936இல் வெளியான அய்யா என் எல் ராஞ்சோ கிராண்டே படத்தின் வெற்றிக்குப் பின், பண்ணை வாழ்வைப் பாட்டுடன் காட்டும் தனிப் படவகையே உருவாயிற்று.

இசை

கிட்டார், ஃபிடில் எனப்படும் வயலின், அக்கார்டியன், நின்ற நிலையில் வாசிக்கும் பெரிய பேசு வயலின் ஆகியன இவ்விசையின் முதன்மைக் கருவிகள். குதிரை நடையை ஒத்த தாளம், பரந்த வெளியையும் தனிமையையும் பேசும் பாடற்பொருள் ஆகியன பொதுக் கூறுகள். சன்ஸ் ஆஃப் த பயனீர்ஸ் குழுவினர் மூன்று குரல்களை வெவ்வேறு சுரங்களில் இணைத்துப் பாடும் முறையை இவ்வகையின் அடையாளமாக்கினர். அக்குழுவின் பாப் நோலன் கனடாவில் பிறந்தவர். டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ் பாடலை எழுதியவர் இவரே.

குரலை இயல்பான நிலையிலிருந்து மெலிந்த உச்சநிலைக்கு விரைவாகத் தாவச்செய்யும் 'யோடலிங்' முறை ஆல்ப்சு மலை நாடுகளைச் சேர்ந்தது. ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பாடகரின் இசைத்தட்டுகள் வழியாக 1920களின் இறுதியில் அமெரிக்க நாட்டுப்புற இசையில் பரவி, அங்கிருந்து கௌபாய் படங்களுக்குள் வந்தது. தமிழ்த் திரையில் இம்முறையைக் கையாண்டு புகழ்பெற்றவர் ஜே. பி. சந்திரபாபு, இந்தியில் கிஷோர் குமார். சந்திரபாபு இளமையில் கொழும்பில் வளர்ந்தவர். தமிழர் காதுக்குக் கௌபாய் இசையின் ஒரு கூறு, கௌபாய் தொப்பிக்கு முன்பே, ஒரு நகைச்சுவை நடிகரின் தொண்டை வழியாக வந்து சேர்ந்தது எனலாம்.

வாயிலிருந்து பின்னணிக்கு

1940களின் இறுதியில் தொலைக்காட்சி பரவியது. சனிக்கிழமைப் பகற்காட்சிக்குச் சென்ற சிறுவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டனர். ஆட்ரியும் ராஜர்சும் தொலைக்காட்சிக்கு மாறினர். ஆட்ரியின் கடைசித் திரைப்படம் 1953இல் வெளியானது. 1954இல் வெளியான ரெக்ஸ் ஆலனின் படத்தோடு இவ்வகை முடிவுற்றதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது.

பாட்டு அத்துடன் மறைந்துவிடவில்லை; இடம் மாறியது. 1952இல் வெளியான ஹை நூன் படத்தில் நாயகன் கேரி கூப்பர் பாடவில்லை. டெக்ஸ் ரிட்டரின் குரல் திரைக்கு வெளியிலிருந்து நாயகனின் மனநிலையைப் பாடியது. டிமித்ரி தியோம்கின் இசையமைத்த அப்பாடல் ஆஸ்கர் விருது பெற்றது. 1964இல் செர்ஜியோ லியோனி இயக்கிய எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ் படத்தில் சொற்களும் நீங்கின. இசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனி, தாம் முன்னர் ஓர் அமெரிக்க நாட்டுப்புறப் பாடலுக்குச் செய்திருந்த பின்னணி இசையை எடுத்து, பாடகரின் குரலை நீக்கி, அவ்விடத்தில் சீழ்க்கையை வைத்தார். சாட்டை ஒலி, மணி, மின் கிட்டார் ஆகியன உடன் சேர்ந்தன. உலகெங்கும் கௌபாய் இசை என இன்று உடனே அடையாளம் காணப்படும் அச்சீழ்க்கை, பாடகன் எழுந்து போன நாற்காலியில் அமர்ந்த ஒன்றாகும்.

சேலம்: ஒரு நேரடித் தொடர்பு

அமெரிக்கப் பாடும் கௌபாய் படங்களோடு தமிழ்நாட்டுக்கு இருந்த நேரடித் தொடர்பு சேலத்தில் நிகழ்ந்தது. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தின் லீட்சு நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பி, 1930களின் நடுவில் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். சென்னையிலிருந்து தொடருந்தில் வருவோர் இறங்கும் சேலம் சந்திப்பு, நகரின் மேற்கே சூரமங்கலத்தில் உள்ளது. அங்கிருந்து நகரைக் கடந்து மறுபுறம் சென்றால் படப்பிடிப்பு நிலையம்.

1952இல் வெளியான த ஜங்கிள் என்ற ஆங்கிலப் படம் (தமிழில் 'காடு') மாடர்ன் தியேட்டர்சும் அமெரிக்கத் தரப்பும் இணைந்து தயாரித்தது. அமெரிக்காவில் இராபர்ட் லிப்பர்ட்டின் நிறுவனம் வெளியிட்டது. ராட் கேமரன், சீசர் ரோமெரோ, மேரி வின்ட்சர் நடித்தனர். யானைகளுக்கு நீண்ட மயிர் போர்த்தி, அழிந்துபோன மாமூத் விலங்குகளாகக் காட்டியமைக்காகவே இப்படம் இன்று பெரிதும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் இக்கட்டுரைக்குத் தொடர்புடைய செய்தி வேறு. இதன் இயக்குநர் வில்லியம் பெர்க், 1942, 1943ஆம் ஆண்டுகளில் கொலம்பியா நிறுவனத்துக்காகச் சார்லசு ஸ்டாரெட், ரசல் ஹேடன் ஆகியோர் நடித்த மலிவுவிலை கௌபாய் படங்கள் பலவற்றை இயக்கியவர். அவற்றுட் சிலவற்றில் பாப் வில்ஸ் என்ற புகழ்பெற்ற இசைஞரின் குழுவே தோன்றிப் பாடியது. நாயகன் ராட் கேமரனும் கௌபாய் படங்களால் அறியப்பட்டவரே.

அத்தகைய இயக்குநரும் நடிகரும் தமிழ்நாட்டுக்கு வந்தும், எடுத்தது வேட்டைக் கதையே. கௌபாய் படம் அன்று. இசையும் தட்சிணாமூர்த்தி, ஜி. இராமநாதன் ஆகியோரிடம் ஒப்படைக்கப்பட்டது. கௌபாய் பாட்டு ஏற்காடு சாலை வரை வந்தும் தமிழுக்குள் நுழையவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை என்பதே சரியான விளக்கமாகத் தோன்றுகிறது.

தமிழில் பாடிச் சண்டையிடும் நாயகன்

ஆட்ரி அமெரிக்காவில் பாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தமிழ்த் திரையிலும் சொந்தக் குரலில் பாடும் நடிகரே நாயகர். அவர்களுள் பி. யு. சின்னப்பா (1916–1951) தனித்துக் குறிப்பிடத்தக்கவர். சிலம்பமும் மல்லும் பயின்றவர். வாட்சண்டையும் பாட்டும் ஒருங்கே கைவந்தவர். மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் தயாரித்த உத்தம புத்திரன் படத்தில் இரட்டை வேடம் ஏற்றார். பாட்டும் வீரமும் ஒரே உடலில் குடிகொள்ளும் நாயகன் என்ற வகையில், பாடும் கௌபாய்க்கு மிக நெருங்கிய தமிழ் இணை இவரே. வேறுபாடு ஒன்று உண்டு. அமெரிக்கப் படத்தில் பாட்டு நாயகனின் தனிச்சொத்து. அது அவனை மற்றோரிடமிருந்து பிரித்துக் காட்டும். தமிழ்ப் படத்தில் அரசனும் தோழனும் வில்லனும் பாடுவர். எல்லாரும் பாடும் ஊரில் 'பாடும் வீரன்' என்று ஒரு தனிவகைக்கு வேலையில்லை.

பின்னணிப் பாடல் முறை நிலைபெற்ற பின் நடிகரின் குரலும் உடலும் பிரிந்தன. கோவை பட்சிராஜா நிறுவனத்தின் மலைக்கள்ளன் (1954) படத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் குதிரையேறும் கள்ளனாக, ஏழைகளுக்கு உதவுபவனாக நடித்தார், எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையில் டி. எம். சௌந்தரராஜன் அவருக்காகப் பாடினார். குதிரை மேல் அமர்ந்து சமூகத்தின் தீமைகளைப் பாடும் இந்நாயகனிடம் தொப்பியும் கிட்டாரும் மட்டுமே குறை. ஜான் வெயினுக்கு நாணத்தைத் தந்த இரவல் குரல் இங்கு எவரையும் உறுத்தவில்லை. பார்வையாளர் அதனை அறிந்தே இரசித்தனர்.

தமிழ்க் கௌபாய் படங்கள்

சுந்தரம் 1963இல் மறைந்த பின், அவர் மகன் இராமசுந்தரம் மாடர்ன் தியேட்டர்சை நடத்தினார். இக்காலத்தில் நிறுவனம் துப்பறியும் படங்களிலும் சண்டைப் படங்களிலும் கருத்துச் செலுத்தியது. வல்லவன் ஒருவன் (1966), சி.ஐ.டி. சங்கர் (1970) ஆகியவற்றில் ஜெய்சங்கர் நாயகன், இசை வேதா. 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என அவர் அழைக்கப்படுவதற்கு இச்சேலத்துப் படங்கள் பெரிதும் காரணமாயின. துப்பாக்கி பிடித்த தமிழ் நாயகன் என்ற உருவம் பார்வையாளருக்குப் பழகிப்போன நிலையில், கோட்டைக் கழற்றிவிட்டுத் தோல் உடையும் தொப்பியும் அணிவது ஓர் அடி தூரமே.

அந்த அடியை எடுத்துவைத்தவர் எம். கர்ணன். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான இவர், தம் படங்களைத் தாமே ஒளிப்பதிவு செய்தார். காலம் வெல்லும் (1970), கங்கா (1972), ஜக்கம்மா (1972), எங்க பாட்டன் சொத்து (1975) ஆகியன இவர் ஜெய்சங்கரைக் கொண்டு இயக்கியவை. குதிரைத் துரத்தல்களும் தாழ்ந்த கோணத்திலிருந்து எடுக்கப்பட்ட காட்சிகளும் இவரது முத்திரை. தெலுங்கில் கே. எஸ். ஆர். தாஸ் இயக்கத்தில் கிருஷ்ணா நடித்த மோசகாள்ளகு மோசகாடு (1971) இராசத்தான் பாலைநிலத்தில் படமாக்கப்பட்டு, தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. மெக்கன்னாஸ் கோல்டு (1969) என்ற அமெரிக்கப் படம் தமிழ்நாட்டில் பெற்ற பெரும் வரவேற்பும் இச்சூழலோடு சேர்த்து எண்ணத்தக்கது.

கர்ணனின் படங்கள் நிகழும் ஊர் எது என்று கேட்பதில் பயனில்லை. தமிழ்நாட்டில் மந்தை மேய்ப்போர் நடந்தே மேய்க்கின்றனர். குதிரையேறி மாடு ஓட்டும் தொழில் இங்கு இல்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் நடைபெறும் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குக் குதிரைகளும் காங்கேயம் மாடுகளும் ஒருங்கே வருகின்றன என்பதே அண்மையில் காணக்கூடிய ஒரே ஒற்றுமை. ஆகவே தமிழ்க் கௌபாய்க்கு ஒரு தொழில் கிடையாது. அவனுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரு பழி. கொல்லப்பட்ட தந்தை, துன்புற்ற தாய், பறிக்கப்பட்ட சொத்து ஆகியவற்றுக்காக அவன் வருகிறான். இக்குடும்பக் கதை இத்தாலியப் படத்தினுடையது அன்று. தமிழ் நாடக மேடையினுடையது.

கர்ணனின் இப்படங்களுக்கு இசையமைத்தவர்கள் சங்கர்–கணேஷ். மகராசி (1967) படத்தில் அறிமுகமான இவ்விணையர், பெயர்த்தொகுப்பிலும் துரத்தல் காட்சிகளிலும் மின் கிட்டார், எக்காளம், குளம்பொலித் தாளம் ஆகியவற்றை மோரிக்கோனியின் வழியில் கையாண்டனர். பாடல் தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். விடுதி நடனம், நாடோடிக் கூட்டத்தின் ஆட்டம், காதலர் இணைப்பாடல் என வழக்கமான தமிழ்த் திரைப்பாடற் களங்களே அங்கு வரும். தபேலாவும் டோலக்கும் ஒலிக்கும். ஒரே படத்துக்குள் இரண்டு இசைகள் அருகருகே வாழ்ந்தன. திறனாய்வாளர்கள் இதனைக் கலப்படம் என ஒதுக்கியதுண்டு. ஆனால் இப்படங்களில் பாடலின் பெரும்பங்கு நாயகனிடம் இல்லாமல் பெண்களிடமும் துணைப்பாத்திரங்களிடமும் இருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. ஆட்ரியின் படத்தில் நாயகன் பாடப் பிறர் கேட்பர். கர்ணனின் படத்தில் பிறர் பாட நாயகன் தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு அமர்ந்திருப்பான். லியோனியின் மௌன வீரனைத் தமிழ்ப் பாட்டு மரபு கைவிடாமல் உள்வாங்கிய வழி இது.

தேவர் பிலிம்சின் தாய் மீது சத்தியம் (1978) படத்தில் ரஜினிகாந்த் கௌபாய் உடையில் நடித்தார், இயக்கம் ஆர். தியாகராஜன், இசை சங்கர்–கணேஷ். குதிரையும் நாயும் நாயகனுக்குத் துணைநிற்கும் இப்படம், விலங்குகளை நடிக்கவைப்பதில் பெயர்பெற்ற தேவர் நிறுவனத்தின் வழக்கப்படி அமைந்தது. இருவேறு பாதைகளில் வந்தபோதிலும், ராஜர்சின் டிரிகரை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலாது. இதற்குள் இந்தியில் ஷோலே (1975) வெளிவந்திருந்தது. ஆர். டி. பர்மன் அதில் ஒரு நாயகனுக்கு வாய் இசைக்கருவியை மட்டும் தந்து, மற்றவனோடு சேர்ந்து பாடும் பாடலைக் குதிரைக்குப் பதில் மோட்டார் சைக்கிளில் அமர்த்தினார்.

பிற்காலம்

1980களில் தமிழ்க் கௌபாய் படங்கள் அருகின. கர்ணன் 1989இல் இரட்டைக் குழல் துப்பாக்கி படத்தை இயக்கினார். 2009இல் குயிக் கன் முருகன் என்ற படம், தமிழ்க் கௌபாய் ஒருவனைக் கேலிப் பாத்திரமாக்கியது. 2010இல் சிம்புதேவன் இயக்கி, ராகவா லாரன்ஸ் நடித்து, ஜி. வி. பிரகாஷ்குமார் இசையமைத்த இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம் வெளிவந்தது. அதில் ஓர் ஊரின் பெயர் ஜெய்சங்கர்புரம். மற்றொன்றின் பெயர் ஷோலேபுரம். நையாண்டிப் படமாயினும், எவரிடமிருந்து பெற்றோம் என்பதை ஊர்ப்பெயரிலேயே எழுதிவைத்த படம் அது.

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்சின் நுழைவு வளைவு மட்டும் எஞ்சியுள்ளது. படப்பிடிப்புத் தளங்கள் இருந்த இடம் குடியிருப்புப் பகுதியாகிவிட்டது.